இடது, வலது

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளை வரிவரியாகக் கீபோர்டின் மேல் கிடத்தியிருக்கிறது. செத்த மோட்டாரையும் ஒரே தட்டில் பேச வைப்பவர் என்று பேரெடுத்த பம்ப் மெக்கானிக், பதினோரு நாளாக இந்தக் கணினியின் வாயைத் திறக்கப் பார்க்கிறார். விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டதிலிருந்து அது ஊமை. சவுண்ட் கார்டை ஓட்டும் மென்பொருளென்று அவர் மாற்றி மாற்றிப் போட்ட டிரைவர்களை வைத்து ஒரு பஸ் கம்பெனியே நடத்தலாம். மறைந்த மனைவியின் குரல் ஒரே ஒரு பதிவாக உள்ளே இருக்கிறது; அதற்குத்தான் இத்தனை பாடும்.

மச்சினன் குனிந்து ஒரு பொத்தானைத் தட்டுகிறான். ஸ்பீக்கரில் யாரோ ஒருத்தி ஆங்கிலத்தில் இடது, வலது என்று சோதனைக்குச் சொல்கிறாள். "மியூட்ல கெடந்திருக்கு மாமா, அவ்வளவுதான்! அக்கா பேசினதைப் போடுங்க." மெக்கானிக் தேடுகிறார். கோப்புறை காலி. "நேத்து லினக்ஸை மறுபடி முதல்லேர்ந்து போட்டேன் மாப்ள. டிஸ்க்க அழிக்கவான்னு கேட்டுச்சு." "நீங்க?" "சரின்னேன். எதையும் தொடச்சிட்டுத்தானே மாட்டுவோம்?"

மச்சினனின் கை பொத்தான் மேலேயே நிற்கிறது. ஸ்பீக்கர் துளி இரைச்சல் இல்லாமல் வேலை செய்கிறது. அந்த முன்பின் தெரியாதவள் விடாமல் இடது, வலது என்கிறாள். மெக்கானிக், அவள் சொல்லும் பக்கமெல்லாம் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்.