ஒட்டுவாரொட்டி

வரிசையில் எனக்கு முன்னால் ஏழு டப்பாக்கள் நின்றன.

பெரியாஸ்பத்திரியில் களிம்பு இலவசம், டப்பா நம்முடையது. ஜன்னலில் நீட்டினால் பெரிய டின்னிலிருந்து கரண்டியால் வழித்துப் போடுவார்கள். போன தடவை இது தெரியாமல் வெறுங்கையோடு வந்தேன். காகிதத்தில் மடித்து வாங்கிப் போனதில் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டு முழுக்கப் பிசுபிசுப்பு. இந்தத் தடவை டிபன் பாக்ஸோடு வரும் குட்டிச் சட்னி டப்பாவைக் கொண்டுவந்திருந்தேன்.

இதற்கு முந்தைய பனிக்காலங்களில் எனக்கு இந்தத் தொல்லை கிடையாது. இந்த வருஷம்தான் விரலிடுக்கு வெடித்து, மணிக்கட்டு சிவந்து, பேனா பிடிக்க முடியாமல் போனது. மெடிக்கலில் காட்டிய ட்யூபின் விலைக்கு எட்டு நாள் மெஸ்ஸில் சாப்பிடலாம். அதனால் சோப்பை நிறுத்திப் பாசிப்பயறு மாவுக்கு மாறினேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் வெதுவெதுப்பாகக் குளிக்கிறேன். உறைந்துபோன தேங்காய் எண்ணெயை மொட்டைமாடி வெயிலில் வைத்து உருக்கி, உடம்பில் ஈரம் காய்வதற்குள் பூசிக்கொள்கிறேன்.

அரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். லிடியாவைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஹாஸ்டலில் இரண்டரை வருஷமாக என் ரூம்மேட். பனி விழ ஆரம்பித்தால் ஸ்வெட்டரைக் கழற்றவே மாட்டாள், அவ்வளவு குளிர் அவளுக்கு. நானும் கேலி செய்து ஓய்ந்துவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் என் கையைப் பார்த்தாள். மறுநாளே அவள் வாளி தனி, கப் தனி, துண்டு காயப்போடும் கயிறு தனி. ஒரே தட்டில் சாப்பிட்டவள், தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒட்டுவாரொட்டி என்று நினைத்துவிட்டாள். நினைக்கட்டும். ரூம் மாற்றிக் கேட்டு வார்டனுக்கு எழுதிய லெட்டர் என் பையில் இருக்கிறது. சாயங்காலம் கொடுத்துவிடுவேன். எழுதும்போது அழுதேன் என்பது வேறு விஷயம்.

ஆனால் போவதற்கு முன்னால் அவளுக்கு ஒன்றைக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்கு டாக்டரம்மாவிடம் கேட்டேன், இது ஒட்டுமா என்று. அவர் சிரித்தார். எக்ஸிமா யாருக்கும் ஒட்டாதாம். அதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று அடம்பிடித்தேன். ஓ.பி. சீட்டில் மருந்துப் பெயருக்குக் கீழே, தமிழிலேயே, ‘இது ஒட்டாது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதை அவள் அலமாரிக் கதவில் நச்சென்று ஒட்டிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவது என்று முடிவு செய்திருந்தேன்.

இன்றைக்கு லிடியா ஹாஸ்டலில் இல்லை. மாதம் ஒரு செவ்வாய் செம்பட்டியில் அத்தை வீட்டுக்குப் போவாள்.

வரிசை நகர்ந்தது. எனக்கு நேர் முன்னால் தலையோடு துப்பட்டாவைப் போர்த்தி நின்ற ஒருத்தி ஜன்னலுக்குள் டப்பாவை நீட்டினாள். நீல டப்பா. மூடியில் வேளாங்கண்ணி மாதா படம்.

அந்த டப்பாவை எனக்குத் தெரியும். லிடியாவின் தலைமாட்டில் இருப்பது. ஜெபம் முடிந்ததும் போர்வைக்குள் கையை விட்டு அதிலிருந்து எதையோ பூசிக்கொள்வாள். கோயில் எண்ணெய் என்று நானாகவே நினைத்து, அவர்கள் சாமி சமாச்சாரம் நமக்கெதற்கு என்று தொட்டதே இல்லை.

நீட்டிய கையில் ஸ்வெட்டர் மேலேறியது. மணிக்கட்டு முழுக்க வெடிப்பு. என்னுடையதைவிடப் பழையது. தோல் கறுத்துத் தடித்திருந்தது.

டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

கோபத்தில் எடுத்து வைத்திருந்த சீட்டுதான் கையில் இருந்தது. அதையே நீட்டினேன்.

படித்தாள். டாக்டரம்மாவின் கையெழுத்தைப் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

"மூணாங்கிளாஸ்ல இருந்து இருக்குடி ஜீவிதா. இம்புட்டு வருசமா வாரேன், ஒருநாளும் கேட்டதில்ல. ஒட்டும்னு சொல்லிட்டாங்கன்னா என்ன பண்றது? உன் கையப் பாத்ததும், எங்கிட்ட இருந்துதான் வந்துருச்சுன்னு…"

வாளியும் கப்பும் தட்டும் ஏன் தனியாகப் போயின என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, என்னிடமிருந்து அவள் விலகவில்லை. அவளிடமிருந்து என்னை விலக்கி வைத்திருக்கிறாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து மருந்துக்கார அக்கா கரண்டியால் டின்னைத் தட்டினார். "ஏ புள்ள, களிம்பு வாங்க வந்தியா, சட்னி வாங்க வந்தியா? டப்பாவ நீட்டு."

நீட்டினேன். தலைதட்ட வழித்துப் போட்டார். மூடி சரியாக நிற்கவில்லை. லிடியா மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எங்கள் விரல்கள் பட்டன. அவள் கையை எடுக்கவில்லை.

சுற்றிக் கட்ட ஒரு காகிதம் வேண்டும். பையைத் துழாவி, மடித்து வைத்திருந்த லெட்டரை எடுத்து டப்பாவை இறுக்கச் சுற்றினேன். எண்ணெய் மெல்ல ஊறி எழுத்து கலங்கியது.

"என்னமோ எழுதிருக்கே, பாத்துடி," என்றாள் லிடியா.

"ரஃப் பேப்பர்தான், பிடி," என்றேன்.