ஒரு ஜாண் உயரத்தில் கண்

முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு மாதமாகிறது. இனி செங்கல் சுமக்க ஆகாது. கட்டடப் படம் வரையப் பழகினால் ஆபீஸில் வேலை போட்டுத் தருவதாக இன்ஜினியர் சொன்னார். அதனால் நாற்பத்திரண்டு வயதில் பென்சில் பிடித்தேன். சொல்லிக்கொடுத்தது கட்டடப் படம் படித்த மச்சினி.

"நிக்கிற ஆளோட கண்ணு உயரத்துலதான் கோடெல்லாம் போய்ச் சேரணும் மாமா. இது எலி பாத்த மாதிரில்ல இருக்கு?"

நாங்கள் கட்டும் கட்டடத்தின் மூன்றாம் மாடி நடைவழியை நின்றுகொண்டுதான் வரைந்திருந்தேன். தாளில் ஆணி குத்தி, கொத்து வேலைக்குப் பிடிக்கிற நூலைக் கட்டிச் சரிபார்த்தேன். சுவரும் கூரையும் ஜன்னலும் பிசகாமல் ஒரே புள்ளியில் சேர்ந்தன. அளவுப்படி அது தரையிலிருந்து ஒரு ஜாண்.

திரும்ப வரைந்தேன். நான்கு தாள் போனது. நான்கிலும் ஒரு ஜாண்.

"உக்காந்து வரைஞ்சீங்களா?"

"நின்னுதான் வரைஞ்சேன்."

"உக்காந்தாலே இவ்வளவு தாழாது. படுத்துக்கிட்டு பாத்தாத்தான் இப்படித் தெரியும். நாளைக்கு இன்ஜினியர்கிட்ட இதக் குடுத்தீங்கன்னா, போய் மண்ணு சுமன்னுடுவாரு."

இருப்புக்கொள்ளவில்லை. மாடியேறி, படத்தில் தெரிவது எங்கிருந்து பார்த்தால் தெரியும் என்று அளந்துகொண்டே போனேன். அளவு லிஃப்ட் குழிக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே ஒருக்களித்துப் படுத்தேன். என் படம் அப்படியே தெரிந்தது.

போன மாதம் குழிக்குள் கட்டியிருந்த சாரம் சரிந்து என் கூட்டாளி விழுந்த இடம் அது. ஆள் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அதுவரை இந்த நடைவழியைப் பார்த்தபடியே கிடந்தான். அன்று மேலே நின்று செங்கல் வாங்கிவைக்கிற முறை என்னுடையது. என் முதுகுவலியைப் பார்த்து எனக்குப் பதிலாக ஏறினான். அந்த ஒரு நாள் வேலை அவனுக்கு நான் இன்னும் பாக்கி.