முன்னால் நிற்கிறவர்

"ஒண்ணும் மாத்த வேண்டாம். போஸ்டர் இப்படியே இருக்கட்டும்" என்றாள் லவீனியா.

லூஷியஸுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

அவள் வீட்டுச் சோபாவில் சாய்த்து வைத்திருந்த போஸ்டரை மறுபடி பார்த்தான். கோல்பி ராண்டின் முகம் அதை அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளைக்கார நட்சத்திரம். படத்தில் வக்கீலாகப் பத்தே நிமிஷம் வருகிறார்.

அவர் தோளுக்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில் ஒரு மரம். மரத்தடியில் தீக்குச்சி அளவுக்கு ஓர் உருவம். அதுதான் லூஷியஸ்.

படத்தின் கதாநாயகன் அவன். 1930களில் இதே ஊரில் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் இழுத்துப்போய் மரத்தில் தூக்கில் தொங்கவிட்ட ஈஸெல் மேபரி என்ற கறுப்பராக நடித்தவன். அந்த ஈஸெல்லின் மகள்தான் லவீனியா.

"குடும்பத்துக்குப் பிடிக்கலைன்னா மாத்திடுறேன்னு வாக்குக் குடுத்தேன்ல?" படக் கம்பெனியின் விளம்பர அதிகாரி கெஸ்லர் லூஷியஸைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப என்ன சொல்றே? அவங்களே சரிங்கிறாங்க."

"மிஸ் லவீனியா, இது உங்க அப்பாவோட கதை. இதுல அவர் எங்க இருக்கார்னு பாருங்க!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இமைக்காமல். தரையில் மண்டியிட்டு, அந்தத் தீக்குச்சி உருவத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள். தொடவில்லை.

"அவர் முகம்கூடத் தெரியலையே" என்றான் லூஷியஸ்.

"எப்பவும் தெரிஞ்சதில்ல."

வெளியே ஜார்ஜியா வெயில் கொளுத்தியது.

லவீனியா எழுந்தாள். "தியேட்டர் வாசல்ல இதைவிடப் பெருசா வைப்பீங்களா?"

"ரெண்டு ஆள் உயரத்துக்கு மேடம்! அட்லாண்டாவுல இருந்து டிவிக்காரங்க வர்றாங்க. நீங்க பக்கத்துல வந்து நின்னாப் போதும்."

"வந்து நிக்கிறேன். சிரிக்கணுமா?"

"லேசா" என்றார் கெஸ்லர்.

காரில் திரும்பும்போது அவர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். "கோவிச்சுக்காதே லூஷியஸ். கறுப்பு முகத்தைப் பெருசாப் போட்டா வர்ற கூட்டமும் வராது. நான் சொல்லலைப்பா, வியாபாரம் சொல்லுது."

லூஷியஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பெத்த மகளுக்கே உறைக்கல. டிவியில மூஞ்சி வந்தாப் போதும்னு இருக்கா. நான் எதுக்குத் தொண்டை கிழியக் கத்தணும்?" என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மதியம். தியேட்டர் வாசலில் நல்ல கூட்டம். உள்ளூர்க்காரர்கள், கேமராக்காரர்கள், மைக்கை நீட்டுகிறவர்கள்.

லவீனியா சர்ச்சுக்குப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள். ஊதா நிறத் தொப்பி, வெள்ளைக் கையுறை, உதட்டுச் சாயம்.

லூஷியஸ் அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இப்படி வாங்க மேடம். மிஸ்டர் ராண்ட் முகத்துக்குப் பக்கத்துல. ஆங், அப்படித்தான்!" கெஸ்லர் தானே கையைப் பிடித்து நிறுத்திவைத்தார்.

கேமராக்கள் மின்ன ஆரம்பித்தன.

லவீனியா கைப்பையைத் திறந்தாள். பழுப்பேறிய தபால் அட்டை ஒன்றை எடுத்துத் தன் கன்னத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"என்னங்க அது?" என்றார் ஒரு நிருபர்.

"தூக்குல தொங்கவிட்டா அப்பல்லாம் அதைப் படம் புடிச்சுக் கடையில வித்தாங்க. வாங்கிச் சொந்தக்காரங்களுக்கு அனுப்புவாங்க. எங்கம்மா வேலை பாத்த வெள்ளைக்காரங்க வீட்டுல இது ஒண்ணு கெடந்துச்சு. திருடிக்கிட்டு வந்துட்டா." குரல் உயரவே இல்லை. "எங்கப்பாவை எடுத்த படம் இது ஒண்ணுதான். அப்ப நான் அம்மா வயித்துல."

லூஷியஸ் ஆட்களை விலக்கிக்கொண்டு கிட்டே போனான்.

அட்டையில் ஒரு வெள்ளைக்காரன். முகம் படத்தை அடைத்துக்கொண்டிருந்தது. லேசான சிரிப்பு. அவன் தோளுக்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில் ஒரு மரம். மரத்தடியில் தீக்குச்சி அளவுக்கு ஓர் உருவம். முகம் தெரியவில்லை. கால்கள் தரையில் படவில்லை.

லூஷியஸ் போஸ்டரை நிமிர்ந்து பார்த்தான். மரம் அதே பக்கம். கிளை அதே சாய்வு. சிரிப்புகூட அதே சிரிப்பு.

ஒவ்வொரு கேமராவாக ஓய்ந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

லவீனியா அட்டையை இறக்கவே இல்லை. லூஷியஸ் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கெஸ்லர் கிட்டே வந்து அட்டையைப் பார்த்தார்.

"மேடம்... சத்தியமாச் சொல்றேன். இந்தப் படத்தை நாங்க பாத்ததே இல்ல. போஸ்டர் வரைஞ்சவரும் பாத்ததில்ல. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது!"

லவீனியா அவரைப் பரிவோடுதான் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் மிஸ்டர் கெஸ்லர். பாக்காமலே இப்படி வந்திருக்கே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."