சாரல் அடிக்கும் அறை

ஓய்வுபெற்ற கையோடு வந்த பணத்தையெல்லாம் கொட்டி, கடலைப் பார்த்த அந்தப் பழங்காலத்து விடுதியை வாங்கியிருந்தார் வாத்தியார். சல்லிசாகக் கிடைத்ததில் ஏகப்பட்ட பெருமை. விற்றவனைச் சரியான ஏமாளி என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

முதல் விருந்தாளிகளாக வந்த தம்பதி நாலு நாளும் ஜன்னலை விட்டு அசையவில்லை. அவர்கள் கிளம்பும்போது, சாவியை வாங்கிக்கொண்டே வாத்தியார் கேட்டார்.

“ரூம் பிடிச்சிருந்துதாம்மா?”

“ரொம்ப, சார். படுத்தபடியே முகத்துல சாரல் அடிக்குது! கல்யாணமான புதுசுல, இருபது வருஷத்துக்கு முன்னாடி, இதே விடுதியில இதே ரூம்லதான் தங்கினோம்.”

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. “அப்பவும் ஜன்னல்ல கடல் இப்படித்தான் தெரியுமா?”

அவள் கணவர் சிரித்தார். “அப்போ ஏது சார் கடல்? ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு மொட்டைமாடி. கடலைப் பார்க்கணும்னா மூணு தெரு தாண்டிப் போகணும். இப்ப பாருங்க, அதுவே நம்மளைத் தேடி வந்துடுச்சு!”

“இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கும் இதே ரூம்தான் சார்,” என்றபடி அவள் காரில் ஏறினாள்.

வாத்தியார் மாடிக்குப் போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். கதவிடுக்கு வழியாகச் சாரல் அவர் முகத்தில் அடித்தது.