ஒன்றரை அங்குல ஆழம்

"வாத்தியாரே, நீங்க சொன்ன ஒன்றரை அங்குலமும் வெட்டியாச்சு. இரும்பைக் காணோம்!"

டாக்டர் அய்யாக்கண்ணு கத்தியை நிறுத்தினார். "இன்னும் உள்ளே போகட்டுமா?"

"வேணாம்! அதுக்குக் கீழே நுரையீரல்," என்றார் முகம்மது சுல்தான்.

1929ஆம் வருடம். முந்தின நாள் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் கொதிகலன் வெடித்திருந்தது. தெறித்த இரும்புச் சில்லு ஒன்று கரையில் நின்றவரின் விலா எலும்புகளுக்கு நடுவே புதைந்துவிட்டது. இதயம் தாங்காது என்று குளோரோஃபார்ம் கொடுக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்திருந்தார்கள்.

சுல்தான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான்கு வருடங்களாக மாலை வேளைகளில் இந்த ஆஸ்பத்திரிக்கும் வருகிறார். இரண்டு கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே படங்களை வைத்து, உடம்புக்குள் சிக்கிய பொருள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வார். 'சாக்பீஸ் டாக்டர்' என்று முதலில் சிரித்தவர்கள், இப்போது அவரைக் கேட்காமல் கத்தியை எடுப்பதில்லை. ஒரே ஒரு முறை கால் அங்குலம் பிசகியது. கெப்பாலா பத்தாஸ் ஊர் விவசாயி ஒருவரின் விரல்கள் அதன் பிறகு மடங்கவே இல்லை.

"சலேஹா, நாடி எப்படி?"

"ரொம்ப வேகமா அடிக்குது டாக்டர். ரத்தமும் நிக்கல," என்ற நர்ஸ், சுல்தானின் நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"சீக்கிரம் வாத்தியாரே!"

"பொறுங்க லா!"

சுல்தான் கணக்குத் தாளை விளக்குக்கு நேரே பிடித்தார். பெருக்கல் சரி. வகுத்தலும் சரி. பிறகு எங்கே தப்பு?

"டாக்டர்! படம் எடுத்தது மூச்சை இழுத்து அடக்கியிருந்தப்போ!"

"ஆமா, படம் கலங்கக் கூடாதே."

"அதான் விஷயம். மூச்சை விட்டதும் விலா எலும்பு இறங்குது, சில்லும் கூடவே இறங்குது. ஆழம் சரிதான், இடம்தான் நகருது. மறுபடி மூச்சை இழுத்து அடக்கினா, உங்க கத்திக்கு நேரே வந்துடும்."

"எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

"அரை நிமிஷம்."

அய்யாக்கண்ணு இடுக்கியைக் கையில் எடுத்தார். "சரி. எப்ப ஆரம்பிக்கட்டும்?"

"நான் மூச்சை அடக்கினதும்."

அறுவை மேசையில் படுத்திருந்த சுல்தான், தாளை நழுவவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தார். கிண்ணத்தில் இரும்பு விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் விட்டார்.