சோறுதான் வேகுது

வேலை பார்த்த சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்ததிலிருந்து, குக்கர் விசிலடித்தால் ஆறுச்சாமி கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிவிடுவார். மனைவி துளசாத்தாள் குனிந்து, “சோறுதான் வேகுது, வாங்க” என்றால்தான் வெளியே வருவார். அவள்தான் மனநல டாக்டர் நர்மதாவிடம் அவரை இழுத்து வந்தாள்.

புதுக் கருவி ஒன்றின் பட்டையை இருவர் நெற்றியிலும் கட்டினால், நோயாளியின் பயம் டாக்டருக்குப் போய்விடுமாம். ஆறுச்சாமி நம்பவில்லை.

“எடுத்த பயத்த எங்க அம்மிணி கொட்டுவே? சாயத்தண்ணியாட்டம் ஆத்துலயா?”

“நானே வெச்சுக்குவேனுங்க ஐயா. எனக்குப் பயிற்சி இருக்குது.”

“நல்லாத்தான் கத உடறே.”

சிகிச்சை முடிந்து பட்டையைக் கழற்றும்போது பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. ஆறுச்சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடேயப்பா, மெய்யாலுமே போய்விட்டதே! சந்தோஷமாகத் திரும்பினால் நாற்காலியில் டாக்டரைக் காணோம். மேஜைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“பழகிருமுங்க. நீங்க கெளம்புங்க” என்றாள்.

பயிற்சியாம், பயிற்சி! ஆறுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முனகியபடி மேஜைக்கடியில் நுழைந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒண்ணுமில்ல கண்ணு, சோறுதான் வேகுது. இன்னும் ரெண்டு விசில் வரும். அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கறேன்.”