பிடிக்காத நிறம்

"இதுல உனக்குப் பிடிக்கவே பிடிக்காதது எதுடி, வாலு?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஆறு காலித் தகர உருண்டைகளை வரிசையாக வைத்திருந்தார் அப்பா. தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. ஆறும் ஆறு நிறம்.

"பிடிக்காததை யாராவது கேப்பாங்களா? லூசுப்பா!" என்ற ஐந்து வயது மகள், மஞ்சள் மீது பாய்ந்தாள். "இது எனக்கு!"

அப்பா நோட்டில் எழுதியிருந்த நிறங்களில் மஞ்சளை அடித்துவிட்டார். அடுத்து சிவப்பு போனது. பச்சை, நீலம் இரண்டையும் ஒரே மூச்சில் அள்ளினாள். வெள்ளையை முட்டை என்று சொல்லிக் கவுனுக்குள் ஒளித்துக்கொண்டாள். அடங்காப்பிடாரி!

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா மெல்லக் கேட்டாள். "கலரை மாத்திட்டா எல்லாம் சரியாயிடுமாங்க?"

"வெளிநாட்டுலேர்ந்து புகார் வந்ததும் மேனேஜர்கிட்ட மல்லுக்கு நின்னு ஒத்துக்க வெச்சிருக்கேன். நாளைக்குள்ள சொல்லியாகணும், சரக்கு கப்பலேறப் போகுது. குழந்தைங்க கை வைக்காத ஒரே ஒரு நிறம் கிடைச்சாப் போதும். அப்பதான் நான் நிம்மதியாத் தூங்குவேன்."

மிச்சமிருந்தது சேற்று நிறம்.

"இது வேணாமா?"

"ச்சீ! அசிங்கம்!" மூக்கைச் சுளித்தாள்.

அப்பாவுக்கு உயிரே திரும்பி வந்தது. மகளை இழுத்து உச்சி முகர்ந்தார். உடனே மேனேஜருக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்த்தார்.

மற்ற ஐந்தும் தரையில் கிடந்தன. சேற்று நிற உருண்டையைக் கைக்குட்டையில் சுற்றி, மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள் மகள்.

"அசிங்கம்னு சொன்னியேம்மா?"

"அதான்ப்பா. இதை யாருமே எடுக்க மாட்டாங்கல்ல? பாவம். அதான் நான் எடுத்துக்கிட்டேன்."

"என்னய்யா, நிறம் கிடைச்சுதா?" என்றார் போனில் மேனேஜர்.

அப்பா தரையில் உட்கார்ந்து மகளை இறுக அணைத்துக்கொண்டார்.

"இல்ல சார். நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரலை. வெடிக்காம தரையில கிடக்கிற நம்ம குண்டுக்கு என்ன நிறம் அடிச்சாலும், ஏதோ ஒரு குழந்தை எடுக்கத்தான் சார் செய்யும்."